பாய்லர் இல்லாத ஆல்பம்

ஜூன் 9, செவ்வாய். சித்தூர்

இல்லை, பாடகி யாரும் இல்லை. வரிகளும் இல்லை. என் ஆல்பத்தைச் சரிபார்த்து வெளியிடும் திருப்பதி ஸ்டுடியோவின் படிவத்துக்கு மூன்றாவது முறையாக இதே பதில். பக்திப் பாட்டு மட்டுமே பதிவு செய்து பழகிய இடம். 'எந்தச் சாமி' என்று ஒரு கட்டம். 'மாம்பழக் கூழ் ஆலையின் ஒலிகள், மின்னணு இசை' என்று எழுதினேன். திரும்பி வந்தது: 'அம்மனா?'

காலையிலேயே புழுக்கம். வாங்க வேண்டியது: சோப்பு, மோர், ஹெட்போனுக்குப் பஞ்சு.

வெள்ளி மாலை வெளியீடு. உடனே ஒரு வெளிநாட்டு இணைய வானொலி முழுதாக ஒலிபரப்பும். வெளியான ஆல்பம் என்றால் மட்டும். எட்டு மாதம் கெஞ்சிப் பெற்ற நாற்பது நிமிடம்.

ஜூன் 10, புதன். திருப்பதி

திரும்பும் பஸ்ஸில் நின்றபடி எழுதுகிறேன். ஸ்டுடியோ முரளி சார் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போட்டுக் காட்டினார். டப்பா மூடும் இயந்திரம் டக், டக். நடுவில் ஒன்றுமே இல்லை.

"பின்னாடி உய்யினு ஒண்ணு கேட்டுக்கினே இருந்துச்சி பாப்பா. ஆறு பாட்டுலயும். மூணு நாள் உக்காந்து மொத்தமா எடுத்துட்டேன். அயிப்போயிந்தி, முடிஞ்சிது. நேத்தே ஏத்தியாச்சி."

"அது பாய்லர் சார். அதுதான் பாட்டு."

"எது?"

"நீங்க எடுத்தது."

யோசித்தார். "பஜனையில ஃபேன் சத்தம் வந்தா எடுப்பமே, அப்படித்தான்."

மாற்றி ஏற்றினால் வெளியீடு இரண்டு வாரம் தள்ளிப்போகும். காபி நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

ஜூன் 11, வியாழன். வீடு

சென்னைத் தோழி கவிதாவுக்கு அனுப்பினேன். பதில்: "இதுதான்டி மாடர்னா இருக்கு. எவ்ளோ இடைவெளி. அப்படியே விட்டுடு."

அம்மா: "இது சுத்தமா கீது. முன்ன போட்டியே, அது தலவலி."

கேட்கக் கேட்க எனக்கும் பிடித்துத் தொலைக்கிறது. நான் செய்யாத ஒரு நல்ல ஆல்பம், என் பெயரில்.

நைனா ஷிப்ட் முடிந்து வந்தார். பங்காருபாளையம் கூழ் ஆலையில் பதினெட்டு சீசனாக பாய்லர் அவர் கையில். பதிவு செய்ய என்னை அதன் பக்கத்தில் நிற்க விட்டவரும் அவர்தான். ஹெட்போனை மாட்டிவிட்டேன். முகம் சுளித்தார்.

"பாய்லர நிறுத்திட்டானா?"

"எடுத்துட்டாங்க நைனா."

"ஸ்டீம் இல்லாம டப்பா எப்படி ஓடும்?" கழற்றிக் கொடுத்தார். "வேகாத கூழு. கெட்டுப்பூடும். நானா இருந்தா ஒரு டப்பா வெளிய உட மாட்டேன்."

துன்னப் போய்விட்டார். இசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 12, வெள்ளி

காலை முரளி சாருக்கு போன்.

"ஏத்தினத எடுத்துடுங்க சார்."

"ரேடியோக்காரன் போட மாட்டானே பாப்பா."

"மாட்டான்."

"மூணு நாள் வேல."

"தெரியும் சார்."

"சரி, அந்த உய்யிய அனுப்பு."

இன்று வெளியீடு இல்லை என்று வானொலிக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினேன். முரளி சாருக்கு, பாய்லர் இருக்கும் பழைய கோப்பை ஏற்ற ஆரம்பித்தேன். இணையம் மெதுவாக இருந்தது. தலைக்குக் குளித்தேன்.