பிரசிடெண்டு சும்மா இருந்த கதை

தேன்கனிக்கோட்டை பக்கம்,
2-4-1956

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி முனிவேல் சாப்பாடு, தூக்கம் தவறாமல் சுகமாயிருக்க வேண்டுமென்று அக்காள் சரோஜம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் என் பெண் காவேரியும் நலம். உன் மாமாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் லீவில் வந்தபோது, உன் சீன முதலாளி சொன்னதாகப் பழங்காலத்து ஞானி ஒருவரைப் பற்றி மாமாவிடம் பேசினாயே. தாவோ என்றாய். தண்ணீரைப் போலத் தாழ்ந்திருக்க வேண்டும், ஆளுகிறவன் இருப்பதே ஜனங்களுக்குத் தெரியக்கூடாது, வலிந்து எதையும் செய்யக்கூடாது என்றாய். நீ கப்பல் ஏறிவிட்டாய். மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு முன்பு அவர் எப்படிப்பட்ட பஞ்சாயத்துப் பிரசிடெண்டு என்று உனக்கே தெரியும். யார் வீட்டு ஆடு எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்டோரா போடுவார். திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். விளக்குக் கம்பம் சாய்ந்தது. "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். ராகிக் கொல்லையில் யானை புகுந்தது. தகரம் தட்டப் போன ஆளைத் தடுத்து, "வந்த வழியே போவும், விடு" என்றார். யானை போயிற்று. ராகியும் அதோடு போயிற்று.

ஒரே ஒரு தடவை அவர் வழி பலித்துவிட்டது. அதுதான் வினை. எல்லைத் தகராறைப் பேப்பரில் படித்திருப்பாய். ஊரை மைசூரில் சேர்க்கத் தீர்மானம் போடு என்று ஒரு கூட்டமும், சென்னையோடுதான் என்று இன்னொரு கூட்டமும் ஒரே நாளில் நம் வீட்டுக்கு வந்தன. மாமா நாற்காலிகளை அவர்களுக்கு விட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிரசிடெண்டு கீழே இருக்கும்போது நாம் மேலே இருப்பதா என்று அவர்களும் ஒவ்வொருவராய் இறங்கினார்கள். கன்னடத்தில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம், கோபம் முற்றியதும் தெலுங்கில் கொஞ்சம் கத்தினார்கள். மாமா வாயே திறக்கவில்லை. பசி வந்துவிட்டது. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டேன். போகும்போது மைசூர்க் கட்சிக்காரர், "பிரசிடெண்டு நம்ம பக்கம்தான்" என்றார். சென்னைக் கட்சிக்காரரும் அதையே சொல்லிக்கொண்டு போனார்.

மாமா அந்தப் பெருமையில் இருக்கும்போதுதான், நம் கொல்லையில் களையெடுக்கும் மாரம்மா தெருவில் கிணறு வற்றியது. குடத்தோடு ஊர்க் கிணற்றுக்கு வந்தவர்களை மாமாவின் பங்காளி திம்மப்பன் தடியை நீட்டி மறித்தான். சாதிதான், வேறென்ன. மாரம்மா நம் வாசலுக்கு வந்து, "பிரசிடெண்டய்யா ஒரு வார்த்தை சொன்னா போதுங்க" என்றாள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு, "தண்ணி தன் வழியைத் தானே தேடிக்கும்" என்றார்.

"அது தேடி வர்ற வரைக்கும் புள்ளைங்க எதைக் குடிக்கும்?" என்று கேட்டேன். அவரை அப்படியே விட்டுவிட்டு மாரம்மாவோடு கிணற்றுக்கு நடந்தேன். நான் இறைத்து ஊற்றவில்லை, தம்பி. கயிற்றை அவள் கையிலேயே கொடுத்தேன்.

"வேணாம் அண்ணி, ஊரு ரெண்டாயிரும்" என்று திம்மப்பன் கயிற்றை எட்டிப் பிடித்தான்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா! திம்மப்பனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை விடுவித்தார். பிறகு அவனுக்கும் மாரம்மாவுக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். திம்மப்பன் தடியை ஓங்கினான். மாமா அசையவில்லை. தடி இறங்கவும் இல்லை. கை வலித்து அவனே போய்விட்டான். மாரம்மா குடம் நிறைந்தது.

வீட்டுக்கு வந்ததும், "சும்மா இருக்கணும்னீங்களே?" என்றேன்.

"சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்" என்கிறார். இப்போது தினமும் காலையில் கிணற்றடிக்குப் போய், அவர்கள் தண்ணீர் எடுத்து முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

பங்காளிகள் நம் வீட்டுப் படி ஏறுவதில்லை. வைகாசியில் காவேரிக்குக் கல்யாணம். ஜூஜுவாடிச் சம்பந்தி வீட்டார் சொன்ன சொல் மாறவில்லை. ஆனால் நம் தெருவில் பத்திரிகையைக் கை நீட்டி வாங்க ஆளில்லை. மாரம்மா, "பந்தல் வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிடறேம்மா" என்றாள். உள்ளே வந்து எல்லாரோடும் பந்தியில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

வாசலில் நின்று கைகூப்பி அவளை அழைக்க, பெண்ணுக்குத் தாய்மாமன் வேண்டும். முதலாளியிடம் சொல்லிவிட்டுப் புறப்படு, அப்பா.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அக்காள்,
சரோஜம்மாள்