திரும்பிப் பார்க்காத கை

1987 மே 12, செவ்வாய்

ரிலேயில் கடைசி ஓட்டம் எனக்குத்தான் என்று மாஸ்டர் இன்று சொல்லிவிட்டார். டிசம்பரில் கடல் தாண்டி நூமியாவில் தென் பசிபிக் தீவுகளின் விளையாட்டுப் போட்டி. எனக்கு முன்னால் ஓடுவது லிதியா. குச்சியை நீட்டும்போது "தௌரா!" என்று கத்துவாள். பிடி என்று, இந்தத் தீவின் பூர்வகுடிகளான அவர்கள் பாஷையில். கத்தியதும் என் கை பின்னால் போகவேண்டும், தலை போகக் கூடாது. தலை திரும்பினால் வேகம் போச்சு. திரும்பிப் பார்க்கிறவளை மாஸ்டர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நூமியா! இன்றைக்குத் தூக்கம் வருமா?

மே 14, வியாழன்

பயிற்சியின் நடுவில் எதிர்க் கடைக்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். தலைநகர் சுவாவில் பட்டாளம் பார்லிமென்டுக்குள் புகுந்து மந்திரிகளைப் பிடித்துப் போய்விட்டதாம். போன மாதம்தானே நம் இந்திய ஆட்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு இவர்களை ஜெயிக்க வைத்தார்கள்?

லிதியாவின் அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறான். அவள் குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மே 20

இந்தியர் வீடுகளில் கல் எறிகிறார்கள். பக்கத்து வீட்டு சரோஜ் அக்கா வீட்டிலும் விழுந்தது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் போச்சு. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அப்பா கரும்பு வெட்டும் கத்தியைச் சாத்தி வைத்திருக்கிறார். யாரை வெட்டப் போகிறார்? கோழியைக்கூட அம்மாதான் அறுப்பாள்.

ஜூன் 9

பயிற்சிக்குப் போகாதே என்றாள் அம்மா. போனேன். கடைசி வளைவில் நின்றேன். பின்னால் காலடிச் சத்தம். லிதியாதான், எனக்குத் தெரியும், தெரியுமே! "தௌரா!" தலை தானாகத் திரும்பிவிட்டது. குச்சி கீழே. மறுபடி ஓடினோம். மறுபடியும் கீழே.

"என்னைப் பார்த்தா பயமா உனக்கு?" என்று கேட்டாள், எங்கள் தெருவில் எல்லாரும் பேசும் இந்தியில்.

இல்லை என்றேன். சீ, என்ன ஜென்மம் நான். அவளோடு ஒரே தட்டில் கசாவாக் கிழங்கு தின்றவள்.

ஜூன் 10

அவளைப் பார்த்துப் பயமில்லை. பின்னால் யார் ஓடிவந்தாலும் பயம். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 26

நேற்று மறுபடியும் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. அப்பா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"போதும் அம்மாடி. ஆக்லாந்துல சித்தப்பன் பேப்பரெல்லாம் போட்டுட்டான். போயிரலாம்."

"நூமியா?"

"உசிரோட இருந்தாத்தானே ஓடுவ?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

அக்டோபர் 17

தேர்வு ஓட்டம். திரும்பக் கூடாது, திரும்பக் கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். திரும்பிவிட்டேன்.

மாஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் இடத்துக்கு வேறு பெண். லிதியா என் தோளில் கை போட வந்தாள், நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். கிளம்பும் நாளை அவளிடம் சொல்லவில்லை. தைரியம் இல்லை.

நவம்பர் 24, ஆக்லாந்து

நேற்று நாண்டி விமான நிலையம். உள்ளே போகும் கதவருகே துப்பாக்கியோடு ஒருவன் நின்றான். அப்பா பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார். சரோஜ் அக்கா மட்டும்தான் வழியனுப்ப வருவாள் என்று நினைத்திருந்தேன். அவள் லிதியாவுக்குச் சொல்லியிருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்பாவும் அம்மாவும் உள்ளே போய்விட்டார்கள். என் முறை. அப்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். அவ்வளவுதான், என்னைத்தான் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்தேன்.

"தௌரா!"

கை பின்னால் போனது. தலை போகவில்லை. உள்ளங்கையில் குச்சி வந்து விழுந்தது, நட்ட நடுவில். கையில் குச்சி விழுந்ததும் கால் முன்னால்தான் போகும், அது அத்தனை வருஷப் பழக்கம். போய்விட்டேன். கதவு சாத்திக்கொண்டது.

குச்சி இதோ மேசைமேல் இருக்கிறது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒரு தடவை, அந்த ஒரு தடவை திரும்பியிருக்கக் கூடாதாடி, பாவி.