கடைக்கு வெளியே நின்று கேட்டவன்

போன சனிக்கிழமை நம் பேஸ் கிட்டாரை ரிப்பேருக்குக் கொடுக்க கேம்ப் கடைவீதி வரை போயிருந்தேன். 'நம்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அடிக்கவில்லை. கழுத்தில் பதித்திருக்கும் கம்பிகள் தேய்ந்துபோய், எங்கே அழுத்தினாலும் ஒரு கரகரப்பு. ரிப்பேர்காரர் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இஸ்கோ தோ லோக் பஜாத்தே ஹைன் க்யா?" என்றார். இதை இரண்டு பேர் வாசிக்கிறீர்களா என்று கேட்கிறார். இல்லை, நான் ஒருவன்தான் என்றேன். அவர் விடவில்லை. தந்திகளுக்குக் கீழே இரண்டு இடத்தில் வார்னிஷ் போயிருப்பதைக் காட்டினார். ஒன்று பிக் தகடு வைத்து வாசிப்பவனின் கீறல். அது நான். இன்னொன்று நான்கு விரற்கடை தள்ளி, மெல்லிய வளைந்த கோடுகள். இவர் விரலால் வாசிப்பவர், வலது கையில் மோதிரம் போட்டவர் என்றார்.

உன் செப்பு மோதிரம். வாராவாரம் துடைத்து வைக்கிற சாமானில் இத்தனை வருடம் என் கண்ணில் படாதது, முன்பின் தெரியாத ஒருவர் கண்ணில் ஐந்து நிமிடத்தில் பட்டுவிட்டது. "அவர் இப்போது இல்லை" என்று சொன்னேன். கம்பிகளைச் சமன் செய்ய ஒரு மணி நேரம் ஆகும், போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றார். எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை இருந்தது. இதையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் நினைத்துக்கொண்டேன்.

எக்ஸ்பிரஸ்வே போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஜூன் மழையில், தேஹு ரோடு தாண்டி பழைய ஹைவேயில் உன் ஸ்கூட்டர் வழுக்கியது. முதுகில் பேஸ் கிட்டார். உன் இடது முழங்கையும் அதன் கழுத்தும் ஒரே நிமிடத்தில் உடைந்தன. ஆஸ்பத்திரியில் நீ முதலில் கேட்டது அதைத்தான். "தலை தனியா வந்துடுச்சுடா" என்றேன். "யாரு தலை?" என்று கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். உன் எலும்பு கூடிவிட்டது. ஆனால் மாவுக்கட்டைப் பிரித்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கியே நின்றன. நரம்பு, நாளாகும் என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

கணபதி விழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. உன் டிப்போ ஆட்களும் என் ஃபாக்டரி ஆட்களும் சேர்ந்து நடத்திய நம் குழுவுக்கு வருடத்தில் அந்தப் பத்து நாள்தான் அறுவடை. ஆடியில் கோயிலுக்குத் தமிழ்ப் பாட்டு, கணபதிக்கு மண்டல் பந்தல்களில் இந்தியும் மராத்தியும். குழுவை நடத்திய கீபோர்டு சேகரன் சாருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். உன் வீட்டு ஹாலில், உன் எதிரிலேயே என்னிடம் சொன்னார்: "பேஸ் இல்லாம மண்டல்ல ஏறினா கல்லு வுடுவானுங்கப்பா. கிட்டாருக்கு ரெண்டு பேர் கீறீங்க. நீ பேஸுக்கு வந்துடு." பிறகு உன் பக்கம் திரும்பி, "நீயே கூடப் போய் நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிக் குடு" என்றார்.

டீ கொண்டுவந்த விமலா தட்டோடு நின்றுவிட்டாள். நீ உன் மனைவியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "அச்சா சார்" என்றாய். உன் இடத்துக்கு ஆள் போட்டு, அந்த ஆளுக்கு உன்னையே சாமான் பொறுக்கச் சொன்னது எவ்வளவு பெரிய கொடுமை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. எனக்கு என் கவலை. பதினாறு வருடம் முன்னால் நின்று கிட்டார் வாசித்தவன், இனி டிரம்ஸ் பக்கத்தில் இருட்டில் போய் நிற்க வேண்டுமே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயிலில் நீ தேஹு ரோட்டில் ஏறி வந்தாய், நான் தாபோடியில் ஏறினேன். சிவாஜி நகர் வரை நான்தான் பேசினேன். ஆறு தந்தி தெரிந்தவனுக்கு நாலு தந்தி எம்மாத்திரம் என்ற தோரணையில் பேசினேன் என்று நினைக்கிறேன். நீ ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

முதல் கடையில் ஒன்றை எடுத்து மடியில் வைத்து, கிட்டாரில் வாசிக்கிற மாதிரியே மேலும் கீழும் ஓட்டிக் காட்டினேன். கடைக்காரர் தலையை ஆட்டினார். திரும்பிப் பார்த்தால் உன்னைக் காணோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். திரும்பி வந்து, "என்ன வாசிச்ச?" என்றாய்.

"ஏன், கேக்கலையா?"

"ஈ பறக்கற மாதிரி கேட்டுது. மச்சான், நீ பேஸ் வாங்க வரல. கிட்டார் வாங்க வந்துகீற."

பிறகு சொன்னாய், பேஸ் வாங்குகிறவன் கடைக்குள் நின்று கேட்டு வாங்கக் கூடாது என்று. கிட்டாரில் வாசிக்கிறவனுக்கே எல்லாம் கேட்டுவிடும். பேஸ் அப்படி இல்லை. பக்கத்தில் மந்தமாக இருப்பது ரோட்டைத் தாண்டிப் போய் நிற்கும், பக்கத்தில் ஜோராக இருப்பது வாசற்படியிலேயே செத்துவிடும். "ஒத்தை நோட் அடி. அடிச்சுட்டு சும்மா குந்து. நான் அங்க போய் நிக்கறேன்." அன்று முழுக்க அப்படித்தான் பார்த்தோம். நான் உள்ளே ஒற்றைச் சுரத்தை அடித்துவிட்டு, உன் குடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குடை இடமும் வலமும் ஆடினால் கேட்கவில்லை என்று அர்த்தம். பதினாறு வருட அனுபவஸ்தனை ஒரு குடை ஃபெயிலாக்கிக்கொண்டே வந்தது.

மூன்றாவது கடையில் அந்தச் சிவப்பு பேஸ் இருந்தது. நீளமான கழுத்து, நல்ல கனம். ஒரு தட்டு தட்டினேன். பஸ் ஒன்று குறுக்கே போனது. அது போன பிறகும் குடை ஆடவில்லை. உள்ளே வந்த உன் முகத்தைப் பார்த்தேன். "நல்லாதான் கேக்குது" என்றாய். அப்புறம் அதன் கழுத்தை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "வாணாம்" என்றாய்.

"ஏன்டா?"

"கழுத்து நீளம். உன்னுது கிட்டார் கை. தாங்காது."

என் கை முறம் மாதிரி இருக்கும் என்று குழுவில் கேலி செய்யாத ஆள் கிடையாது. அதிகம் செய்தவன் நீ.

லக்ஷ்மி ரோட்டில் கடைசியாகப் போன கடையில், மூலையில் தூசியோடு தொங்கியது இது. கட்டை குட்டையான கழுத்து. காலையிலிருந்து எதையும் தொடாத நீ அதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் கழுத்தில் நகர்ந்தன. மடங்கிய இரண்டும் கம்மென்று உள்ளே இருந்தன. நாம் எப்போதும் முதலில் வாசிக்கும் பிள்ளையார் பாட்டின் தொடக்கம், நாலே நாலு சுரம், அதற்கு இந்த இரண்டு விரல் எட்டியது. இரண்டு முறை வாசித்தாய். யாருக்கு என்று கடைக்காரர் மராத்தியில் கேட்டதும் சட்டென்று என் பக்கம் கையைக் காட்டினாய். "இது சின்னதா கீது. உனக்கு ஈஸி" என்றாய்.

அதை மட்டும் நீ வெளியே போய் நின்று கேட்கவில்லை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நீ எனக்கு வாங்கவில்லை, உனக்கு வாங்கிக்கொண்டிருந்தாய். என்றாவது திரும்பி வருவதற்கு இரண்டு விரலுக்கு எட்டுகிற ஒரு கழுத்து வேண்டியிருந்தது. இது புரிந்தும் நான் தலையாட்டியதை நல்ல மனசு என்று எடுத்துக்கொள்ளாதே. நீ திரும்பி வந்தால் நான் என் கிட்டாருக்குப் போய்விடலாம். அந்தக் கணக்கில்தான் "இதுவே போதும்" என்றேன்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் புதன்கிழமைகளில் நீ தாபோடிக்கு வந்தாய். அப்போது எனக்குத் தளேகாவ் ஃபாக்டரியில் வாரத்தின் பாதி இரண்டாம் ஷிஃப்ட். நான் இல்லாத நாளாகப் பார்த்து வந்தாய். வீட்டில் சாந்தி என்னிடம் சொல்வாள்: "உங்க ஃப்ரெண்ட் வந்தாரு. டீ குடிச்சாரு. கொஞ்ச நேரம் அத்த டொய்ங் டொய்ங்னாரு. உங்கள்ட்ட சொல்ல வாணாம்னாரு." தோள்வாரை உன் உயரத்துக்கு ஒரு ஓட்டை ஏற்றி வாசித்துவிட்டு, மறக்காமல் என் ஓட்டைக்கு இறக்கி வைத்துவிட்டுப் போவாய். ஒரு முறை மறந்தாய். நானும் கேட்கவில்லை. புதன்கிழமை காலையில் அதை உறையிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு வேலைக்குப் போவது எனக்குப் பழக்கமாயிற்று.

அந்த பேஸுக்கு ஒரு குறை உண்டு என்பது முதல் கணபதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மேடையில் பெரிய ஸ்பீக்கர் இருந்ததால் சமாளித்தது. ஒத்திகை நடக்கும் கோயில் பின்பக்கத் தகரக் கொட்டகையில், சின்ன ஆம்ப்ளிஃபயரில், சத்தம் வாசலைத் தாண்டாது. சந்தேகம் தீர்த்துக்கொள்ள ஒரு நாள் மற்ற கிட்டார்காரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, எதிரே ரேஷன் கடை வாசலில் போய் நின்றேன். அவனுக்குப் பத்து விரலும் ஒழுங்காக வேலை செய்யும். ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேன். நீ வெளியே போய்க் கேட்காமல் வாங்கியது ஒன்றே ஒன்று, அது இது.

இன்னொன்றும் நடந்தது. இதை எழுதத்தான் கஷ்டமாக இருக்கிறது. டிரம்ஸ் பக்கத்து இருட்டு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. யாரும் என்னைப் பார்ப்பதில்லை, ஆனால் நான் ஒரு சுரம் பிந்தினால் மொத்தப் பாட்டும் பிந்தியது. பதினாறு வருடம் முன்னால் நின்றபோது இது எனக்குத் தெரியாது. இரண்டாவது வருடம் முடிவதற்குள், நான் திரும்பிப் போக விரும்பவில்லை.

மூன்றாவது கணபதிக்கு முந்தைய ஒத்திகையில் நீ வந்தாய். "மச்சான், ஒரே ஒரு பாட்டு" என்றாய். சேகரன் சார் என்னைப் பார்த்தார். கழற்றிக் கொடுத்தேன். எல்லோர் எதிரிலும் தோள்வாரை ஒரு ஓட்டை ஏற்றிக்கொண்டாய். நான் வெளியே நடந்து, ரேஷன் கடை வாசலில் போய் நின்றேன். டிரம்ஸ் கேட்டது, கீபோர்டு கேட்டது, கிட்டார் கேட்டது. பாட்டு முடிந்ததும் உள்ளே வந்தேன். வேர்த்திருந்தாய். தாளத்தில் ஒரு இடறல் கிடையாது என்று சேகரன் சாரே சொன்னார். நீ அவரைக் கவனிக்கவில்லை. என்னிடம் கேட்டாய்.

"கேட்டுச்சா?"

"கேக்கலடா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. நான் வாசித்தாலும் கேட்காது, யார் வாசித்தாலும் கேட்காது என்ற மீதியைத்தான் சொல்லவில்லை. அது என் வாயில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால், வேறு பேஸ் பார்க்கலாம் என்று சேகரன் சார் சொல்லியிருப்பார், நீ மறுபடி நின்றிருப்பாய், நான் இறங்கியிருப்பேன். நீ உன் மடங்கிய விரல்களைப் பார்த்தாய். தோள்வாரை என் ஓட்டைக்கு இறக்கி என்னிடம் கொடுத்தாய். அதன் பிறகு புதன்கிழமைகளில் நீ வரவில்லை. டொய்ங் டொய்ங் ஏன் நின்றுவிட்டது என்று சாந்தி கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

குழுவை விட்டுப் போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ சவுண்ட் மிக்ஸரில் போய் உட்கார்ந்தாய். கூட்டத்துக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு கையால் எங்கள் எல்லோருடைய சத்தத்தையும் ஏற்றி இறக்கிக்கொண்டு ஆறேழு வருடம் இருந்தாய். நிகழ்ச்சி முடிந்ததும் வந்து, "இன்னிக்கு நல்லா நின்னுச்சுடா" என்பாய். அதைப் பாராட்டு என்று வாங்கிக்கொண்டேன். பிறகு ஒரு மார்கழியில் காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். தளேகாவிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது உன்னை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்கள். விமலா என்னைப் பார்த்து, "லேட்டா வந்துட்டீங்கண்ணா" என்றாள்.

உனக்குப் பிறகு மிக்ஸரில் உட்கார்ந்தவர் முதல் நாளே என்னைக் கூப்பிட்டார். மிக்ஸர் ஓரத்தில் நீ ஒட்டிய வெள்ளை டேப், அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக உன் கையெழுத்தில் ஒரு கோடு. எல்லாருடைய கோடும் நடுவில் இருந்தது. என்னுடையது மட்டும் உச்சியில். "பேஸை ஏன் இவ்ளோ மேல வெச்சிருந்தாரு?" என்று கேட்டார். அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மிக்ஸரில் உட்கார்ந்த முதல் நாளே நீ கண்டுபிடித்திருப்பாய். குறை உன் விரலில் இல்லை, நான் வாசித்தாலும் அது வெளியே போவதில்லை, இரண்டு வருடம் அதை வாசித்த எனக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. எல்லாம் தெரிந்துகொண்டு, கோட்டை உச்சியில் போட்டு, என்னை எல்லோருக்கும் கேட்க வைத்துவிட்டு, நல்லா நின்னுச்சு என்று வந்து சொல்லியிருக்கிறாய். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஒரு மணி நேரம் ஆனதும் கடைக்குப் போனேன். ரிப்பேர்காரர் ஆம்ப்ளிஃபயரில் செருகித் தயாராக வைத்திருந்தார். மோதிரக் கீறலைத் தேய்த்து மேலே பூச்சு கொடுக்கவா என்றார். வேண்டாம் என்றேன். ஒற்றைச் சுரம் அடித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றேன். ஆட்டோக்கள் போயின. கடைக்குள் அவர் கை இறங்குவது தெரிந்தது. அவர் வாசலுக்கு வந்து, கேட்டதா என்று கையை ஆட்டிக் கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் தன் கையைத் திருப்பி ஒரு முறை பார்த்துக்கொண்டார். மறுபடி ரோட்டைக் கடந்து ஓடினேன். கிட்டத்தட்ட ஒரு ஸ்கூட்டரில் விழப் பார்த்தேன். மூச்சு வாங்க அவரிடம் போய் நின்று, "உங்கள் கையில் ஒன்றுமில்லை. யார் வாசித்தாலும் கேட்காது, நான் வாசித்தாலும் கேட்காது" என்றேன். அவர் இவ்வளவு பதற்றம் எதற்கு என்பதுபோல் பார்த்தார். ஆள் மாறிப்போய்ச் சொல்லிவிட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?