மூடியோடு கேட்ட காலி பாட்டில்கள்

அடைக்கல மாதா துணை

பெரம்பலூர்,
ஞாயிறு, பூசை முடிந்து.

என் வாயாடி மகள் சகாய பிரியாவுக்கு அப்பா லூர்துராஜ் எழுதுவது. இனிமேல் உன்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டுமாம், அம்மா சொல்கிறாள். மே மாதம் நீ கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுத்து முடி, அப்புறம் பார்க்கலாம். மடத்தில் போன் கூடாது என்பதால் எழுத வேண்டியதாகிவிட்டது. கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு உன்னிடம் தரப்போகிற மதருக்கும் என் வணக்கம். மதர், பிழையைத் திருத்த வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்பு, அதுவும் சத்துணவுக்காகப் போனது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அம்மா வியாழக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பேப்பரில் பார்த்து நீ தெரிந்துகொள்ளக் கூடாது.

பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்று அரசுக் கடையை மூடினார்கள் இல்லையா, அன்றைக்கே அதோடு ஒட்டியிருந்த நம் பாருக்கும் பூட்டு விழுந்தது. நாலு மாதம் ஆகிறது. சரக்கு விற்றது அவர்கள். நாம் உட்கார நாற்காலியும், அவித்த முட்டையும், குடல் வறுவலும் கொடுத்தவர்கள், அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் வறுத்த கை சும்மா இருக்குமா? அம்மா தினமும் எனக்குக் குடல் வறுத்துப் போட்டாள். மூன்றாம் நாளே, "ஏ அற்புதம், நான் கஸ்டமர் இல்லடி, எனக்கு ரசம் போதும்" என்று கும்பிட்டேன். உன் மாமன் ராஜதுரை ஆள் வராத டேபிளைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

பின்னால் கொட்டகையில் இருபது மூட்டை காலி பாட்டில் கிடந்தது. நம் பாட்டில் ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புப் பொட்டு வைத்திருப்பேன். இல்லாவிட்டால் நம் பாட்டிலையே பின்பக்கமாகத் தூக்கிப் போய், முன்பக்கமாக வந்து நம்மிடமே விற்கிறார்கள். பொட்டு வைத்தது நீ விட்டுப்போன நகப்பாலிஷில்தான். திட்டாதே, சிஸ்டருக்கு எதற்கு நகப்பாலிஷ்? தீர்ந்ததும் அதே கலரில் வாங்கப் போனேன். கடைக்காரப் பெண் என் விரலையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்தது.

போன மாதம் விக்கி என்று ஒருவன், உடைத்து உருக்குவதற்குக் காலி பாட்டில் வேண்டும் என்று மினி லாரியில் வந்தான். குவாட்டர் பாட்டில் மட்டும் போதும், லேபிள் கிழியாமல் இருக்க வேண்டும், மூடியும் வேண்டும் என்றான். நமக்குத்தான் மூடியைத் தனியாகச் சாக்கில் போட்டு வைக்கிற பழக்கம் உண்டே. நானும் அம்மாவும் இரண்டு நாள் உட்கார்ந்து, பாட்டிலைத் துடைத்து, அதது மூடியைத் தேடிப் போட்டோம். "ஒடைக்கப் போற பாட்டிலுக்கு மூடி எதுக்குய்யா?" என்று அம்மா கேட்டாள். "பாட்டிலுக்குக் குளுரும்ல" என்றேன். அவளும் சிரித்தாள். பன்னிரண்டு மூட்டை ஏற்றிவிட்டோம்.

பெயின்ட் அடிக்கிற முருகையனை உனக்குத் தெரியும். ஓரத்து டேபிள், முட்டையில் மஞ்சள் கருவை மட்டும் தின்பான். கடை மூடிய பிறகு ஏரிக்கரைப் பக்கம் யாரோ ஒளித்து விற்பதை வாங்கிக் குடித்திருக்கிறான். கூடக் குடித்தவர் இறந்துவிட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. முருகையனுக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை. வியாழக்கிழமை திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். குரலை வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். மெதுவாகச் சொன்னான்: "பாட்டில் அடியில ஒங்க பொட்டு இருந்துச்சுண்ணே. அண்ணன்தான் மறைச்சு விக்கிறாருபோலன்னு நெனச்சேன். அண்ணன் சரக்குன்னா தப்பு இருக்காதுன்னு நம்பிக் குடிச்சேன்."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை, பாப்பா. யாரிடமும் சொல்லவும் இல்லை. அவன் பெண்சாதி பஞ்சவர்ணம் வெளியே வந்து, "நீங்க ஒருத்தர்தாண்ணே வந்து பாத்தீங்க" என்று நான் கொண்டுபோன இட்லியை வாங்கிக்கொண்டு அழுதது.  

ராஜதுரை ஒரே பிடியாகச் சொல்கிறான்: "மிச்சம் எட்டு மூட்டையையும் ஒடச்சுக் குழியில கொட்டிருவோம் மாமா. அவனே வாயத் தொறக்கல. நாமளா போயி ஏன் தலையக் குடுக்கணும்?" நானும் சரியென்று சுத்தியலை எடுத்தேன். பயம்தான். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் நான் பாத்ரூமுக்குப் போய்விடுகிறேன். ஊரையே கிண்டல் பண்ணுகிற உன் அப்பன் இப்போது வாசலில் நாய் குரைத்தால் எழுந்து நிற்கிறான். ஒரு மூட்டை உடைத்த பிறகு கை வரவில்லை. இங்கே இருப்பதை உடைத்து என்ன பிரயோஜனம்? விக்கி கொண்டுபோன பன்னிரண்டு மூட்டையில் எத்தனை பாட்டிலில் விஷச் சரக்கை நிரப்பியாகிவிட்டதோ, இந்த நேரம் எவன் வீட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறதோ. பொட்டைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் நம்புவார்களோ. அடியில் என்ன தேட வேண்டும் என்பதும், விக்கியின் முகமும் லாரியும் எனக்குத்தான் தெரியும்.

நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். ராஜதுரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா கூட வருகிறாள். மூடி போட்டதில் பாதி நான்தானே என்கிறாள். அவளைச் சேர்க்காமல் சொல்ல முடியுமா என்றுதான் பூசை முழுக்க யோசித்தேன். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்றே தெரியாது.

மதர், உங்களிடம் ஒன்று. பிரியா மடத்தில் சேரும்போது அப்பாவின் தொழில் ஓட்டல் என்று எழுதிக் கொடுத்தது. அப்படி எழுதச் சொன்னது நான். அது பொய் சொல்லாத பிள்ளை. என் தப்புக்காக அதைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பாப்பா, மே மாதம் அம்மா தனியாக வந்தால் எல்லோர் முன்னாலும் அப்பா எங்கே என்று கேட்டுவிடாதே. எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று செபம் பண்ணாதே. அந்த வேண்டுதலை அம்மா பார்த்துக்கொள்வாள். நீ முருகையன் கண்ணுக்காகப் பண்ணு. நீ இதைப் படிக்கிற நேரம் எவனாவது அந்த மூடியைத் திருகப் போனால், கை வழுக்கி அது கீழே விழுந்து உடைய வேண்டும் என்று பண்ணு. முழங்கால் வலித்தாலும் எழுந்திருக்காதே, கண்ணு.

உன் நெற்றியில் சிலுவை போடும்
அப்பா,
லூர்துராஜ்