மூதூருக்கு எட்டு மைல்

3.11.1981
கொழும்பிலிருந்து கம்பியூட்டர் பட்டியல் வந்தது. எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் யாருக்கு விடுதி என்று இனி அதுதான் சொல்லும். பணிப்பாளர் ஜவாஹிர் ஒப்பமிடுவார். வீடு பத்து மைலுக்கு அப்பால் என்றால் இடம். ஊர்களின் தூர அட்டவணை நான் நிரப்பிக் கொடுத்தது. ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு வேலை தந்திருக்கிறார்கள். பிழை விடக்கூடாதென்று மூன்று முறை சரிபார்த்தேன்.

5.11
மூதூர் மாணவி பல்கீஸ் என் மேசைக்கு வந்தாள். பட்டியலில் பெயர் இல்லை.

"ஐயா, மாரியில கடல்ல லோஞ்சுப் படகு ஓடாது. தரையால சுத்தி, ஆத்துத் துறையெல்லாம் தாண்டி வரோணும். ஒவ்வொரு நாளும் ஏலாது. வாப்பா படிப்பை விடச் சொல்றார்."

அட்டவணையை எடுத்தேன். மூதூர் — எட்டு. என் கையெழுத்து.

எட்டு மைல் கடல்! துறைமுகத்தடியில் பிறந்தவனுக்கு மூதூர் என்றதும் ஜெட்டியிலிருந்துதான் தூரம் வருகிறது. மூன்று முறை பார்த்தேனே, மூன்று முறையும் எட்டு என்றே பட்டதே. மெசினுக்குக் கடல் தெரியுமா? மூதூரையும் இங்கே கிட்ட உள்ள சல்லிக் கிராமத்தைப் போலப் பக்கத்து ஊராக்கிவிட்டது.

6.11
பணிப்பாளர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன்.

8.11
பூசை முடிந்து வரும் வழியில் என் மனைவி கிறேஸ், "மூண்டு நாளா ஏன் ஒழுங்காச் சாப்பிடுறியள் இல்லை?" என்றாள். சொன்னேன்.

"அந்த மெசினுக்கு வாயில்லை. உங்களுக்குமோ?"

என் பயம் இவளுக்கு எப்போதும் பகிடி. ஆனாலும் நாளைக்குப் போட என் வெள்ளைச் சேர்ட்டை அயன் பண்ணிக் கதிரையில் போட்டு வைத்திருக்கிறாள்.

9.11
"மெசின் பிழை விடாது, மிஸ்டர் பஸ்தியாம்பிள்ளை" என்றார் பணிப்பாளர்.

"ஓம் சேர். மெசின் விடேல்லை. நான் விட்டனான்."

நிமிர்ந்து பார்த்தார். தரைவழித் தூரம் எழுதிய தாளை நீட்டினேன்.

"பட்டியல் ஒட்டியாச்சே. இப்பதான் சொல்றீங்களா?"

"பயத்தில நாலு நாள் விட்டிட்டன், சேர்."

அவர் தாளை வாங்கி வாசித்தார். பிறகு, "திருத்தி அனுப்புங்க. ஒட்டினதைக் கழட்டச் சொல்றன்."

27.11
புதிய பட்டியல். மூதூர்ப் பிள்ளைகள் ஏழு பேர் உள்ளே. பல்கீஸ் நாலாவது. கட்டில் போதாது என்று கதை எழுந்தது. அறைக்கு ஒன்று கூட்டிப் போடச் சொன்னார் பணிப்பாளர் — மெசினைக் கேட்காமலே.

9.12
விடியலிலிருந்து மழை, காற்று. லோஞ்சு இல்லை. என் பஸ்ஸும் பிந்தியது. தொப்பலாக வளாகம் சேர ஒன்பதாகிவிட்டது. நான் பிந்திப் போனது இதுதான் முதல் தடவை.

மண்டப வாசலில், பக்கத்து விடுதியிலிருந்து வந்த பல்கீஸ், ஒரு துளி நனையாமல், புத்தகங்களோடு நின்றாள்.

"ஐயா, இண்டைக்கு நீங்கள்தான் தூரம்."