முட்டுக்கல்லைப் பற்றி அப்பாவுக்கு

பதில் சொல்லாமல் போய்விட்ட என் அப்பாவுக்கு,

நான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது இதைச் சொல்ல முடிவதில்லை, அம்மா பக்கத்தில் நின்று அழுகிறார். அதனால் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில், போர்வைக்குள் போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா இருமினால் வெளிச்சத்தை அணைத்துவிடுகிறேன். பிறகு மறுபடி எழுதுகிறேன்.

நம் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டே இருந்த டர்பன்டைன் மரத்தைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஒருவழியாக விழுத்திவிட்டார்கள். எத்தனை முறை நீங்கள் ஆபீசுக்குப் போய்ச் சொன்னீர்கள்! இப்போதுதான் அவர்களுக்குக் காது கேட்டிருக்கிறது. அதுவும் விழுத்தியதோடு சரி. விறகை நாமே வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மரம் சரிவில் குறுக்காக, தண்ணீர் ஓடுகிற கானை மறித்துக்கொண்டு கிடக்கிறது. நேற்றுப் பெய்த மழைத் தண்ணீர் முழுவதும் நம் வீட்டுக் காம்பராவுக்குள் வந்துவிட்டது. என் சமய பாடப் புத்தகம் இன்னும் காயவில்லை.

அதனால் அண்ணன் வந்திருக்கிறான். தம்புள்ளையில் மரக்கறி மூட்டை இறக்குகிறவன், இதற்காகவே இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். நாளைக் காலையில் மரத்தைத் துண்டு போடப் போகிறான். கோடாலியால் இல்லை. இரத்தோட்டையில் மர ஆலையில் வேலை செய்கிற சுனில் ஐயாவின் சங்கிலி வாளால், செயின் சோவால். அண்ணன் இதுவரை அதைக் கையால் தொட்டதுகூட இல்லை.

உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். நம் லயத்தில் அதற்குப் பெயரே மெசின்தான். அந்த மெசினைச் சுனில் ஐயா முதன்முதலில் ஓட்டிக் காட்டிய அன்று நீங்கள் சொன்னது இன்னும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

"என்னா சுனிலு, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல கங்காணி கத்துற மாதிரியில்ல கத்துது. கத்துனா வேல நடந்துருமா?"

"அந்தோனி அண்ணே, நீங்க ஒரு மரம் வெட்டி முடிக்கிறதுக்குள்ள நான் அஞ்சு மரம் வெட்டிட்டு வீட்டுக்குப் போய் தூங்கிருவேன்."

"தூங்கு, தூங்கு. காது செவிடாப் போனவனுக்கு நல்லாத் தூக்கம் வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோடாலியால் வெட்டும்போது மரம் பேசும் என்பீர்கள். உருளப் போகிற மரம் முதலில் ஒரு முனகல் முனகும், கோடாலிக்காரன் அதைக் கேட்டுக் குதித்துத் தப்பிவிடுவான், மெசின்காரனுக்கு ஒன்றும் கேட்காது என்பீர்கள். பஸ் ஹோல்டில் நிற்கிறவர்களிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறீர்கள்.

போன வருடம் உங்கள் மேல் உருண்ட அந்த மாமரம் முனகியதா அப்பா? உங்களுக்குக் கேட்டதா? எனக்குக் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நீங்கள் போன பிறகு அம்மா உங்கள் கோடாலியைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அந்தச் சனியனை யாரும் தொடக்கூடாது என்பது அவருடைய கட்டளை. அண்ணன் அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருக்கிறான். கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே சொல்கிறான்.

"அப்பா அர மணி நேரமா தட்டுனாரு. தட்டத் தட்ட மரம் கொஞ்சங் கொஞ்சமா ஆடி, கழண்டு உருண்டுருச்சு. மெசின்ல தட்டுற வேலையே இல்ல. பப்பாசிப் பழம் வெட்டுற மாதிரி எறங்கும். வெட்டுனது மரத்துக்கே தெரியாது."

எல்லாரும் தலையாட்டுகிறார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? பார்த்தது நான் ஒருத்திதான், நானோ வாயே திறக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டபோதெல்லாம் அழுதேன். அழுகிற பிள்ளையை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

இப்போது எழுதுகிறேன். மாமரமும் இப்படித்தான் சரிவில் குறுக்காகக் கிடந்தது. நீங்கள் பள்ளப் பக்கம் நின்று வெட்டினீர்கள். மேட்டுப் பக்கம் நின்றால் குனிய வேண்டும், இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்பது உங்கள் நியாயம். மரம் உருளாமலிருக்க அடியில் ஒரு முட்டுக்கல் கொடுத்திருந்தீர்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். குடித்துவிட்டு அடுத்த வெட்டுக்கு இடம் பார்த்தீர்கள். அந்த இடத்துக்கு நேர் கீழே அந்தக் கல் இருந்தது.

"பாப்பா, அந்தக் கல்ல எடுத்து அங்கிட்டுப் போடு."

"எதுக்குப்பா? மரம் உருண்டுராதா?"

"காலையிலதான் ஒரு மணி நேரம் அரம் போட்டேன். கல்லுல பட்டுச்சுன்னா வாய் மழுங்கிரும். அந்தக் கெள மண்ணுல குத்திக்கிட்டு நிக்குதுல்ல, அது போதும். எடும்மா."

நான் இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி இழுத்தேன். வந்துவிட்டது. அதைக் கானுக்குள் போட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது வெட்டோ நான்காவது வெட்டோ, கிளை முறிந்தது.

உங்கள் கோடாலியின் வாய் இன்னும் மழுங்கவில்லை அப்பா. கொஞ்சம் துரு, அவ்வளவுதான். உங்களுக்குச் சந்தோசமா?

இன்று பின்னேரம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சுனில் ஐயா மெசினைக் கொடுத்துவிட்டு அண்ணனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சங்கிலியின் பல்லை ஒரு துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டினார்.

"தம்பி, பெற்றோல் ஊத்துறதுக்கு முந்தி மரத்துக்கு அடியில பாரு. கல்லு எல்லாம் அயின் பண்ணு, எடுத்துரு. ஒரு கல்லுல பட்டாலும் செயின் முடிஞ்சுது. பொறகு என் மூஞ்சிய பாக்காத."

"ஒரு கல்லும் இருக்காது ஐயா. இப்பவே எடுத்துர்றேன்."

எடுத்தும்விட்டான். இரும்பு அலவாங்கை விட்டு நெம்பி, மரத்தை விழுத்தியவர்கள் அடியில் கொடுத்திருந்த கற்களை ஒன்றுவிடாமல் உருட்டிவிட்டான். இப்போது அந்த மரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது மண்ணில் குத்தி நிற்கிற ஒரு கிளை. புத்தகப் பையைக்கூட இறக்காமல் நான் அங்கேயே நின்றேன்.

நீங்களும் சுனில் ஐயாவும் வருடக்கணக்கில் சண்டை பிடித்தது எதற்கு? கோடாலி மெதுவாக வெட்டும், மெசின் வேகமாக வெட்டும். கோடாலிக்குத் தோள் வலிக்கும், மெசினுக்குப் பெற்றோல் வேண்டும். சரி, இருக்கட்டும். ஆனால் கல் என்றால் இரண்டுக்கும் ஆகாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் எவ்வளவு ஒற்றுமை! ஒருவருக்கு வாய் மழுங்கக் கூடாது, மற்றவருக்குச் செயின் போகக் கூடாது. கீழே நிற்கிறவனின் காலைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினீர்களா?

இன்னொன்றும் கேட்கிறேன். கல்லுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தால் என்ன? கோடாலி பட்டாலும் மழுங்காது, மெசின் பட்டாலும் ஒன்றும் ஆகாது. தரம் பத்து படிக்கிற எனக்குத் தோன்றுகிறது. இத்தனை வருடம் மரம் வெட்டிய உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டேன் அல்லவா, உருண்டுவிடாதா என்று? நீங்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவதற்குள், சாக்கைப் பிரித்துக் கோடாலியை எடுத்துக்கொண்டு போனேன். வெட்டிப் போட்டிருந்த கிளை ஒன்றில் இரண்டு முட்டுக்கட்டை வெட்டலாம் என்று நினைத்தேன். இந்தக் கோடாலியை எப்படித்தான் நாள் முழுக்கத் தூக்கினீர்கள்? ஒரு இடத்தைப் பார்த்து ஓங்கினால் இன்னொரு இடத்தில் விழுகிறது. ஒரு கட்டை வெட்டுவதற்குள் உள்ளங்கையில் நான்கு கொப்புளம். பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். உங்கள் பேச்சு பொய்தான் அப்பா, எனக்கு அந்த மரம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மெசினாக இருந்தால் நொடியில் முடிந்திருக்கும் என்று நானே நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னாடி இது, எலி கடிச்ச மாதிரி இருக்கு?"

"முட்டுக்கட்டண்ணே. பள்ளப் பக்கத்துல குடு. நீ மேட்டுப் பக்கம் நின்னு வெட்டு."

"மெசினுக்கு எதுக்குடி முட்டு? அஞ்சு நிமிசத்துல துண்டாயிரும். உருளுறதுக்கு அதுக்கு நேரமே இருக்காது."

"அப்பாவுக்கும் நேரம் இருந்திச்சுன்னா நெனைக்கிற?"

"அப்பாவக் கொன்னது கோடாலி. அத எடுத்துட்டு வந்து என்கிட்ட பாடம் நடத்துறியா? அம்மா பாத்தா ஒன்னத்தான் மொதல்ல வெட்டுவாங்க. போ, போய்ப் படி."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். கோடாலி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் கோடாலியைத் திரும்பச் சாக்கில் சுற்றி வைக்கப் போய்விட்டேன். கோடாலி இல்லை என்றால் பிறகு என்ன என்று கேட்பான். கல்லை எடுத்ததால் என்றால், யார் எடுத்தது என்று கேட்பான். அந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்துதான் ஒரு வருடமாக அந்தக் கோடாலியின் மேல் பழி விழுந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் பழி விழுந்ததால்தான் அண்ணன் மெசினை நம்புகிறான். இதை எழுதி முடித்த பிறகுதான் எனக்கே தெளிவாகத் தெரிகிறது.

அம்மா என்னை எப்படிப் பார்ப்பார்? இனி என் தலையைச் சீவிவிடுவாரா? லயத்தில் இருக்கிறவர்கள் என்ன பெயர் வைப்பார்கள்? நீங்கள் சொல்லித்தான் எடுத்தேன் என்று நான் சொன்னால், செத்துப்போன மனிசன் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். நீங்கள் இருந்து, "ஆமா, நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அதைக்கூடச் சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

செபமாலையை இரண்டு தடவை சொல்லிவிட்டேன். மரம் நாளைக்குள் தானாகவே உருண்டு போகட்டும் என்றும் மாதாவிடம் கேட்டேன். அண்ணனுக்கு நாளைக் காலையில் காய்ச்சல் வரட்டும் என்றும் கேட்டேன். இரண்டும் நடக்காது என்று எனக்கே தெரியும். அவன் விடிந்ததும் எழும்பிவிடுவான்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவன் பெற்றோல் ஊற்றுவதற்கு முன்னால், அம்மாவும் கேட்கிற மாதிரி, "அண்ணே, கோடாலி இல்ல. முட்டுக்கல்ல எடுத்ததாலதான். எடுத்தது நான்" என்று சொல்வேன். வாய் வராவிட்டால் இந்தக் கொப்பியை அவன் கையில் திணிப்பேன். அவன் அடிக்கட்டும், அம்மா பேசாமல் இருக்கட்டும். பள்ளப் பக்கம் இரண்டு கட்டைகளை இறுக்கி, அண்ணன் மேட்டுப் பக்கம் ஏறி நிற்கிறவரை, அந்த மெசினைக் கிளப்புகிற கயிற்றை இழுக்க அவனை விடமாட்டேன்.

அப்பா சொன்னார் என்பதற்காகக் கல்லை எடுத்த, இனி யார் சொன்னாலும் எடுக்காத,
உங்கள் மகள்,
ஸ்டெல்லா