குட்டியின் மார்பளவு

குட்டியைப் பார்க்காமலே போய்விட்ட என் அண்ணாவுக்கு,

உங்கள் குதிரை கறுப்பி ஈன்றுவிட்டது. பெட்டைக் குட்டி. நெற்றியில் வெள்ளை. நீங்கள் போனபோது வயிற்றில் இருந்தது. இப்போது குட்டிக்கு மூன்று மாதம் ஆகிறது.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று உங்களைக் கேட்டவர்கள்தான், வெள்ளகோவில் போகிற வழியில் வண்டியை நிறுத்திக் குட்டியைப் பார்க்கிறார்கள்.

சொல்ல வந்தது அதுவல்ல. நான் ஒரு தப்புச் செய்தேன்.

இரண்டாம் மாதம் முடியும்போது குட்டிக்கு வயிறு உப்பியது. மயிர் மங்கியது. லத்தி தண்ணீராகப் போனது. அம்மா ஆட்டுக்கு வாங்கிய பூச்சி மருந்தை எடுத்துவந்தார்.

"ரெண்டு மூடி ஊத்துனாப் போதுஞ்சாமி."

நான் விடவில்லை. படித்தவள் அல்லவா. கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா குடற்புழு மருந்து கொடுத்தார். ஊசியில்லாத குழாயில் அடைத்த களிம்பு. நாக்கில் வைத்துவிட வேண்டும். எடைக்குத் தக்கபடிதான் தர வேண்டுமாம். மார்புச் சுற்றளவும் உடல் நீளமும் எடுத்தால் எடை வந்துவிடும் என்று கணக்கை எழுதித் தந்தார்.

டேப்தானே. பனியன் கம்பெனியில் நாள் முழுக்க என் கழுத்தில் தொங்குவது அதுதானே.

உங்களுக்குத் தெரியும், நாங்கள் எப்படி அளப்போம் என்று. பனியனை மேசையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை. அதுதான் எங்களுக்கு மார்பளவு. பின்பக்கம் கணக்கில் வராது. குட்டியையும் அப்படியே அளந்தேன். முதுகு மேட்டிலிருந்து ஒரு பக்கமாக இறக்கி, நெஞ்சடி வரை. இருபது அங்குலம். எடை இருபத்தைந்து கிலோ என்று வந்தது. எழுதிய எண்ணை நான் எப்போது சந்தேகப்பட்டிருக்கிறேன்?

பத்தே நாளில் குட்டி தாயிடம் பால் குடிக்கப் போவதைக் குறைத்துக்கொண்டது. டாக்டரம்மா நேரில் வந்தார்.

"எத்தன கிலோவுக்குக் குடுத்தீங்க?"

"இருபத்தஞ்சுங்க."

"ஏனுங்க, இது குதிரைக்குட்டிங்களா, ஆட்டுக்குட்டிங்களா? எங்க, அளந்து காட்டுங்க."

காட்டினேன்.

"அந்தப் பக்கத்த ஆரு கண்ணு அளப்பா? குட்டிய என்ன இஸ்திரி போட்டு மடிச்சா வெச்சிருக்குது?"

அம்மா சிரித்துவிட்டார். நீங்கள் போனபின் முதல்முறை. எனக்குத்தான் அழுகை வந்தது.

சுற்றளவு நாற்பது அங்குலம். எடை நூறு கிலோ. நான் கொடுத்தது கால்பங்கு மருந்து.

"இப்ப முழு அளவு குடுக்கோணும். ஆனா புழு நெறையா இருந்தா, செத்ததெல்லாம் சேந்து கொடல அடைச்சுக்கும். படுத்துப் பொரண்டாலோ, வயித்தத் திரும்பித் திரும்பிப் பாத்தாலோ ஒடனே கூப்பிடுங்க."

மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். கொட்டகைக்கு எதிரே நாற்காலி. குட்டி தலையைத் திருப்பும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஈ ஓட்டவா? வலியா?

உங்கள் வயிற்றை யார் இப்படி உட்கார்ந்து பார்த்தோம், அண்ணா? வெறும் கேஸ் என்றீர்கள். நான் கம்பெனி வேனில் ஏறிவிட்டேன். திரும்பி வந்தபோது நீங்கள் இல்லை.

இரண்டாம் நாள் மதியம் லத்தியோடு புழுக்கள் விழுந்தன. வெள்ளையாக, பேன்ட் இடுப்பில் கோர்க்கும் நாடாவை வெட்டிப் போட்டதுபோல. அம்மா குச்சியால் கிளறிப் பார்த்தார்.

"அட சாமி, இத்தனையும் வயித்துல வெச்சுக்கிட்டா நின்ன? வாயத் தொறந்து சொன்னா என்ன? அப்பனாட்டவே இருக்கறே."

அப்பன் என்றது உங்களை. கேட்டதும் என்னவோ போல் இருந்தது. பிறகு நன்றாகவும் இருந்தது.

குட்டி பிழைத்துக்கொண்டது. லத்தி இப்போது உருண்டை உருண்டையாக விழுகிறது. இது அழகு என்று நான் எழுதுவேன் என நினைத்ததில்லை. நேற்று அம்மாவின் வாளியை உதைத்துக் கவிழ்த்தது. திட்டிக்கொண்டே மறுபடி நிரப்பினார்.

தினமும் கொட்டகையில் லத்தியை அள்ளிவிடுகிறேன். தீவனம் தரையில் போடுவதில்லை, தொட்டியில்தான். அடுத்த மருந்துக்கு முன் லத்தியைப் பரிசோதனைக்குக் கொடுப்பேன். அது சும்மா நின்றாலும் கிட்டே போய், வயிற்றில் கைவைத்துப் பார்ப்பேன். வேன் போனால் போகட்டும்.

உங்கள் தங்கை,
உங்கள் மகளுக்கு அத்தை.